கோட்டுக்கு மேல் இரண்டு விரல்

எனக்கு லேப்டாப் பிடிக்காது என்று உங்களில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறீர்கள். சுத்தப் பொய். உங்கள் பட்டறைக்கு வரும்போதெல்லாம் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று ஒரு சென்சார் சொல்கிறது. கிராங்க் எந்த இடத்தில் இருக்கிறது என்று இன்னொன்று சொல்கிறது. இரண்டையும் கேட்டுக்கொண்டு இசியூ என்கிற அந்தப் பெட்டி, எந்த இன்ஜெக்டருக்கு எப்போது எவ்வளவு டீசல் என்று முடிவு பண்ணுகிறது. சில வண்டிகளில் வால்வு திறக்கிற நேரத்தைக்கூட அதுவே மாற்றிக்கொள்கிறது. எனக்கு அதன் மேல் வெறுப்பெல்லாம் இல்லை. பொறாமை. அது செய்கிற வேலையை என் காலத்தில் என் கண்ணும் காதும் கையும் செய்தன.

பெருமைக்குத்தான் சொல்கிறேன், தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் இன்ஜினுக்கு டீசல் அளந்து கொடுக்கிற பம்ப்பைப் பிரித்து, அளவு வைத்து, திரும்பப் பூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதற்கு முன்பு பம்ப் கெட்டால் மெட்ராஸுக்குப் பார்சல் போகும், வண்டி பத்து நாள் ஷெட்டில் தூங்கும். மெட்ராஸில் இரண்டு வருஷம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியதும், ஒரு பஸ் கம்பெனி முதலாளி வேங்கிக்கால் போகும் சாலையில் இருந்த தன் ஷெட்டில் எனக்கென்று ஒரு அறையே கட்டிக்கொடுத்தார். தூசி உள்ளே வராமல் இருக்க இரட்டைக் கதவு. செருப்போடு முதலாளியே உள்ளே வர மாட்டார். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எவ்வளவு திமிர் இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் திமிருக்கு அடையாளமாக என்னிடம் ஒரு சீல் குறடு இருந்தது. பம்ப்பில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். இன்ஜினுக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை அது கட்டுப்படுத்தும். அளவு வைத்து முடித்ததும் அந்த ஸ்க்ரூவில் கம்பி கோத்து, ஈயக் குண்டு மாட்டி, குறட்டால் அழுத்துவேன். ஈயத்தில் என் நம்பர் பதியும். அதன் பிறகு யாரும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் சீல் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் இசியூவுக்கு பாஸ்வேர்ட் இருக்கிறதே, அது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் தீபத்துக்குக் கூட்டம் தாங்கவில்லை. கீழ்பென்னாத்தூர் லைனில் எங்கள் வண்டிகள் நாலு நாள் ஓயாமல் அடித்தன. ரோடு பாதிக்கு மேல் மண். தீபத்துக்கு மறுநாள் காலையில் டிரைவர் கோவிந்தசாமி அண்ணன் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். யுத்த காலத்தில் டீசலும் பெட்ரோலும் இல்லாதபோது கரியைப் போட்டு எரித்து அந்தப் புகையில் பஸ் ஓட்டியவர் அவர். ஐம்பதை நெருங்கியிருந்தார். என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"இன்னா பம்ப்பு, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. கரும்புகை வேற. பின்னால வர்ற மாட்டு வண்டிக்காரன் திட்றான்" என்றார்.

முதலாளியும் அங்கேதான் நின்றார். தீபம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிற ஜனம் பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடக்கிறது என்று ஆள்மேல் ஆள் வந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சீல ஒடச்சு அரை சுத்து ஜாஸ்தி வைய்யா. இன்னிக்கு ஒரு நாள் ஓடட்டும்" என்றார்.

"வேணாங்க. டீசல் பத்தலன்னா புகை இப்பிடிக் கறுப்பா வராது. டீசல் போவுது, காத்துதான் கம்மி. இதுல இன்னும் ஜாஸ்தி வெச்சா பிஸ்டன் போயிடும்."

"நான் சொல்றேன், வை."

"நீங்க வேற ஆள வெச்சு ஒடச்சுக்கோங்க. என் நம்பர் போட்டதை நான் ஒடைக்க மாட்டேன்."

ஷெட்டில் இருந்தவர்கள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். முதலாளி என்னை முறைத்தார். பிறகு, "அப்ப காத்தை நீயே வரவழை. அரை மணி நேரம்தான்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டு ஆபீஸுக்குப் போனார்.

நான் சொன்னது சரி. இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன், அது சரியான முடிவு. ஏர் கிளீனரைத் திறந்தால் உள்ளே நாலு நாள் மண் களிமண்ணாக அப்பிக்கொண்டிருந்தது. நீங்கள் காகித ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுகிறவர்கள். அந்தக் காலத்து ஏர் கிளீனர் வேறு மாதிரி. அடியில் ஒரு கிண்ணம் இருக்கும், அதில் ஆயில் ஊற்றி வைப்போம். உள்ளே வரும் காற்று அந்த ஆயில் மேல் பட்டுத் திரும்பும்போது தூசி ஆயிலோடு ஒட்டிக்கொள்ளும். இதைக் கழுவி வைக்கிற ஆள் தீபத்துக்கு லீவில் போயிருந்தான். சரி என்று நானே மண்ணெண்ணெயில் கழுவினேன். ஷெட்டே என்னைப் பார்க்கிறது என்ற நினைப்பு வேறு. கை பறந்தது.

கிண்ணத்துக்குள் ஒரு கோடு இருந்தது. பக்கத்தில் இங்கிலீஷில் பொறித்திருந்த எழுத்து தேய்ந்துபோயிருந்தது. இன்ஜின் ஆயில் பார்க்கிற கம்பியில் இரண்டு கோடு இருக்கும், மேலே ஒன்று, கீழே ஒன்று. இதில் ஒரே கோடு. இது கீழ்க்கோடாகத்தான் இருக்கும், இதற்குக் குறையக்கூடாது என்று அர்த்தம் என நானே முடிவு கட்டினேன். யாரையும் கேட்கவில்லை. பம்ப்பை அளக்கிறவன் கிண்ணத்துக்கு ஆயில் ஊற்ற யாரைக் கேட்க வேண்டும்? அதோடு, தூசி ஜாஸ்தியாக இருக்கும் வாரம், ஆயிலும் ஜாஸ்தியாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றியது. கோட்டுக்கு மேல் இரண்டு விரல் உயரம் ஊற்றி மூடினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் தப்புப் பண்ணியது பயத்தில் இல்லை, அவசரத்தில்கூட இல்லை. ஒரு பெரிய விஷயத்தில் நான் சரியாகச் சொல்லிவிட்டேன், அந்தச் சூடு ஆறுவதற்குள் சின்ன விஷயத்தில் கவிழ்ந்தேன். உங்கள் திரை ஒரு கோளாறைச் சரியாகக் காட்டி, நீங்களும் அதைச் சரியாகப் பிடித்து, பக்கத்தில் நிற்பவர்கள் வாயைப் பிளக்கும்போது, அடுத்து மாட்டுகிற நட்டை இரண்டு தடவை பாருங்கள்.

வண்டி எப்படி இழுக்கிறது என்று பார்க்க நானும் ஏறிக்கொண்டேன். ஷெட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஜனத்துக்கு நடுவே ஊர்ந்துதான் போனோம். ஆனாலும் கரும்புகை நின்றுபோயிருந்தது. கோவிந்தசாமி அண்ணன் திரும்பிப் பார்த்து, "பரவால்ல பம்ப்பு, படிச்சவன்தான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்டாண்டில் வண்டி நின்றதும் ஜன்னல் வழியாகக்கூட ஏறினார்கள். உள்ளே நிற்க இடமில்லை. ஏற முடியாதவர்கள் வண்டிக்கு முன்னால் மூக்கை ஒட்டி நின்றுகொண்டு அடுத்த வண்டி எப்போது என்று கண்டக்டரிடம் சண்டை போட்டார்கள். மொட்டை அடித்த குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் பம்பரிலேயே சாய்ந்து நின்றார். வழி விடச் சொல்ல எங்கள் டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதிப்பார்கள். இன்ஜின் உறுமும், ஜனம் விலகும். அப்படி உறுமவிடக் கூடாது என்று முதலாளி கோவிந்தசாமி அண்ணனை ஏற்கெனவே இரண்டு தடவை எச்சரித்திருந்தார். அன்றும் அவர் மிதித்தார். ஒரே ஒரு மிதி.

இன்ஜின் உறுமியது. அவர் காலை எடுத்தார். சத்தம் இறங்கவில்லை, ஏறியது. வெள்ளைப் புகை பின்பக்கம் குபுகுபுவென்று கிளம்பியது. அவர் ஸ்டாப்பரை இழுத்தார். அதை இழுத்தால் பம்ப் டீசலை அடைத்துவிடும், இன்ஜின் நின்றே ஆக வேண்டும். நிற்கவில்லை. சத்தம் இன்னும் ஏறி ஊளையாக மாறியது. வண்டி முழுக்க நடுங்க ஆரம்பித்தது. அந்த மாதிரி வேகத்தில் இன்ஜின் தாங்காது. பிஸ்டனைப் பிடித்திருக்கிற ராடு முறிந்தால் இன்ஜின் பிளாக்கைப் பிளந்துகொண்டு இரும்பு வெளியே பறக்கும். டிரைவர் சீட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு தகரம்தான்.

"கியர்ல போட்டு அமுக்கட்டுமா?" என்று அவர் கத்தினார்.

அதுவும் ஒரு வழிதான். பிரேக்கை மிதித்துக்கொண்டு மேல் கியரில் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் திணறி நிற்கலாம். ஆனால் நாலு நாளாக ஓய்வில்லாமல் தேய்ந்த பிரேக். ஒரு நொடி அது விட்டுக்கொடுத்தால் முன்னால் இருக்கிற அத்தனை பேர் மேலும் வண்டி ஏறிவிடும். அந்த மொட்டைக் குழந்தையின் தலையில் சந்தனம் காயாமல் இருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"வேணாண்ணா! நியூட்ரல்லயே புடிங்க! எறங்கிடுங்க!" என்று கத்திக்கொண்டே குதித்து பானெட்டைத் தூக்கினேன்.

முதலில் என் கண் போனது என் பம்ப்புக்கு. அதன் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் உண்டு. ஸ்டாப்பரை இழுத்தால் பின்னால் சாயும். அது முழுசாகப் பின்னால் சாய்ந்திருந்தது. அப்படியானால் பம்ப் ஒரு சொட்டு டீசல்கூடக் கொடுக்கவில்லை. டீசல் இல்லாமல் டீசல் இன்ஜின் ஓடுகிறது. வேறு எதையோ குடிக்கிறது. எதை? காற்று வருகிற வழியைத் தவிர அதற்கு வேறு வாய் கிடையாது. ஊர்ந்து வந்தவரை கிண்ணத்திலேயே கிடந்த ஆயிலை, அந்த ஒரு மிதியில் வேகமாகப் பாய்ந்த காற்று உள்ளே அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அந்த வாயில் ஆயிலை வைத்தவன் நான்.

அது புரிந்தபோது நொந்துகொள்ள நேரமில்லை. மட்கார்டில் காலை ஊன்றி, ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் ஹோஸை இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்தேன். வந்துவிட்டது. ஆனால் உள்ளே போய்விட்ட ஆயில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. திறந்த வாயில் காற்று விசிலடித்தது. கையால் மூடினால் கை போய்விடும். பக்கத்தில் ஒரு பூக்காரம்மா சாமந்திக் கூடை மேல் ஈரக் கோணி போட்டு மூடியிருந்தார். அதை உருவி நாலாக மடித்து அந்த வாயில் அப்பி, மார்பையும் சேர்த்து வைத்து அழுத்தினேன். கோணியை இன்ஜின் உள்ளே இழுத்தது. நான் விடவில்லை. இரண்டு குலுக்கல் குலுக்கியது. நின்றது.

இன்றைக்கு உங்கள் டீசல் வண்டிகள் பலவற்றில் சாவியைத் திருப்பி அணைத்ததும் காற்று வழியில் ஒரு தட்டு தானாக மூடிக்கொள்கிறதே, ஒரு சின்ன மோட்டார் வைத்து இசியூ மூடுகிறதே, அது எதற்கு என்று போன மாதம் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். இதற்குத்தான். அன்றைக்கு அந்தத் தட்டு ஒரு கோணி, அந்த மோட்டார் நான்.

திரும்பிப் பார்த்தேன். கோவிந்தசாமி அண்ணன் இறங்கவே இல்லை. கால் பிரேக்கில், கை ஹேண்ட் பிரேக்கில், அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை. சட்டை முழுக்க வேர்வை.

அப்புறம் என்ன, ஜனம் என்னைத் தூக்காத குறைதான். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். "யோவ், என் கோணிய இன்னாய்யா பண்ண?" என்று அந்தப் பூக்காரம்மா மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸிலிருந்து முதலாளி ஓடிவந்தார். என் தோளைத் தட்டி, "நீ இல்லன்னா இன்னிக்குக் கம்பெனியே போயிருக்கும்யா" என்றார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன், உறும வுடாதன்னு? ஜனத்துக்கு நடுவுல ரேஸ் பண்ணியிருக்க!"

"ஒரு மிதிதாங்க. ஸ்டாப்பர இழுத்தேங்க. நிக்கல."

"இழுத்தா நிக்காத டீசல் இன்ஜின் எங்கய்யா இருக்கு? பயத்துல இழுக்காம வுட்டுட்டு கத வுடறியா? நாளையிலேர்ந்து நீ வண்டி ஏற வேணாம்."

சுற்றி நின்ற மற்ற டிரைவர்களும் தலையை ஆட்டினார்கள். தொழில் தெரிந்தவர்கள்தான் தலையை ஆட்டினார்கள், அதுதான் கொடுமை. ஸ்டாப்பரை இழுத்தால் இன்ஜின் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தவன் அங்கே ஒரே ஒருத்தன். அவன் கையில் சோடா பாட்டில்.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். உடனே நான் வாயைத் திறக்கவில்லை. கிண்ணத்தில் இன்னும் ஆயில் மிச்சம் இருக்கும். கோட்டுக்கு மேலேயே இருக்கும். கழிவுத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் தீர்ந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. காலையில் முதலாளியையே எதிர்த்துப் பேசியவன், இப்போது அந்தப் பெரிய மனுஷன் தலை குனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு சோடாவை உறிஞ்சினேன். எத்தனை நொடி என்று தெரியாது. அந்த நொடிகளுக்காக எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான்.

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்குள் இருந்த தன் சாப்பாட்டுத் தூக்கை எடுக்கப் போனார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஸ்டாப்பர் இழுத்துத்தான் இருந்துச்சுங்க. லீவர நான் என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"அப்ப டீசல் இல்லாம எதக் குடிச்சுய்யா ஓடுச்சு?" என்றார் முதலாளி.

"நான் ஊத்துனதக் குடிச்சு."

கிண்ணத்தைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினேன். கோடு ஆயிலுக்கு அடியில் கிடந்தது. நான் எவ்வளவு ஊற்றினேன், ஏன் ஊற்றினேன், அந்தக் கோட்டை என்னவென்று நினைத்தேன் என்று எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். முதலாளி கிண்ணத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். சோடா வாங்கிக் கொடுத்த ஆள் எங்கே போனான் என்றே தெரியவில்லை.

"சீல் குறட்டை ஆபீஸ்ல வெச்சுட்டு வூட்டுக்குப் போ" என்றார் முதலாளி.

வைத்துவிட்டுப் போனேன். அழுதேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

பின்னாளில் அந்தக் கம்பெனியின் அத்தனை ஏர் கிளீனர் கிண்ணத்திலும் கோட்டுக்கு மேலே சிவப்புப் பெயின்டில் "இதுக்கு மேல ஊத்தாதே" என்று என் கையாலேயே எழுதினேன். மற்ற கம்பெனி ஷெட்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போய் அதே மாதிரி எழுதிக்கொண்டார்கள். செங்கத்தில் ஒரு ஷெட்டில் என் எழுத்துப் பிழையோடு சேர்த்துக் காப்பி அடித்திருந்தார்கள். ஒரு கோட்டைப் பார்த்தால் அது எந்தப் பக்கம் போகாமல் தடுக்கிறது என்று முதலில் கேளுங்கள். உங்கள் திரையில் வருகிற எண்ணுக்கும் அதுதான். வெட்கப்படாமல் கேளுங்கள், என்னையே வந்து கேளுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது பெயின்ட் கதை இல்லை. மற்ற மெக்கானிக்குகள் இரண்டு நாள் அந்த இன்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். வால்வைத் தள்ளுகிற ஒரு புஷ் ராடு வளைந்திருந்தது, அதை மாற்றிப் பூட்டினார்கள். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு ஷெட்டிலிருந்து ஆள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். என் கணக்கைத் தீர்க்கப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் போனேன். வாசலில் அந்த வண்டி நின்றது. கோவிந்தசாமி அண்ணன் அதற்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். முதலாளிக்கு முகம் சிவந்திருந்தது.

"வண்டிய எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டேன்றார்யா. நீ பாத்தாத்தான் எடுப்பாராம்" என்றார் என்னிடம். பிறகு அவரிடம், "அன்னிக்கு இவன் ஊத்துனதுதானய்யா உன்ன சாவடிக்கப் பாத்துச்சு?" என்று கேட்டார்.

"ஆமாங்க. அதனால இனிமே இவன்தான் கரெக்டா ஊத்துவான்" என்றார் அவர்.

முதலாளி சட்டைப் பையிலிருந்து என் குறட்டை எடுத்து நீட்டினார். நான் கிண்ணத்தைக் கழற்றி, கழுவி, கோடு வரைக்கும் ஊற்றினேன். மூடுவதற்கு முன்னால் கோவிந்தசாமி அண்ணனிடம் காட்டினேன்.

அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மூடு பம்ப்பு, ஜனம் காத்துனு இருக்குது" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணினார்.